பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டர்போ கார்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மலை தாண்டிப் போகும் பஸ் கிளம்பும்போது அதன் பின்னாலேயே ஒரு சாம்பல் நிறக் காரும் கிளம்பும். பஸ்ஸின் கடைசி வரிசையில், பின் கண்ணாடியை ஒட்டினாற்போல், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். காரை ஓட்டுகிறவர் அவருடைய வீட்டுக்காரர். காரில் நாலு இருக்கை காலி. இருவரும் போவது மலைக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிற ஒரே மகளைப் பார்க்க. ஒரே வீட்டிலிருந்து, ஒரே பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள்.

ஏற்றம் முழுக்க அவர் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே வருவார். முந்திப் போகலாம், அந்த வண்டிக்கு அதற்கான தெம்பு உண்டு. ஆனால் பெண்டாட்டியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு முந்திப் போகிற தைரியத்தை எந்த டர்போவும் ஒரு மனுஷனுக்குத் தருவதில்லை. வளைவுகளில் பஸ் நிதானிக்கும்போது பின் கண்ணாடியில் ஒரு கை ஆடும். ‘கொஞ்சம் தள்ளி வாங்க’ என்று அர்த்தம். உடனே தள்ளிப் போவார்.

பஸ் டிரைவருக்கும் இது பழகிவிட்டது. “பின்னாடி உங்க எஸ்கார்ட் வந்தாச்சாம்மா? கிளம்பலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

மூன்று மாதமாக இந்த ஊர்வலம் நடக்கிறது.

அந்த மனிதர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பாய்லர்காரர். கட்டிடத்துக்குப் பின்புறம், சலவைக்கூடத்தை ஒட்டிய நீளமான அறையில், துணி துவைக்கவும் கருவிகளைக் கிருமி போக அவிக்கவும் வேண்டிய நீராவி அவர் கையால்தான் போகிறது. இருபத்தாறு வருஷம். அந்த அறையில் பதினோரு மீட்டர்கள். ஒவ்வொரு மீட்டரையும் அவர் கழற்றித் திருப்பிப் பொருத்தி வைத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் பதினோரு முட்களும் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எண்களைப் படிக்க வேண்டியதில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், எது சாய்கிறதோ அதனிடம் போகலாம். இன்னொரு பழக்கமும் உண்டு. தினமும் காலையில் மீட்டருக்குப் போகும் குழாயை மூடுவார். முள் பூஜ்யத்துக்கு விழும். திறப்பார், பழைய இடத்துக்கு ஏறும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம், “அசையாம நிக்கிற முள்ளைப் பார்த்து மயங்காதீங்கப்பா, அது செத்துப் போயிருக்கலாம்” என்பார்.

இத்தனை தெரிந்த மனிதர் சொந்தக் காரில் கோட்டை விட்டார்.

கார் பழசு. ஆனால் டர்போ வைத்தது. ஏற்றத்தில் காலை அழுத்தினால் எங்கிருந்தோ மெல்லிய விசில் ஒன்று கிளம்பும்; முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுகிற மாதிரி வண்டி எகிறும். அந்த விசிலுக்காகவே அதை வாங்கினார் என்று மைத்துனன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் மெக்கானிக், அவன் சொன்னால் ஊர் நம்பும். உண்மையும் அதுதான்.

காரின் டாஷ்போர்டில் தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எத்தனை ஏற்றம் ஏறினாலும் அதன் முள் நட்ட நடுவில் நிற்கும். “பார்த்தியா, என்ன நிதானம்!” என்று மனைவியிடம் பெருமையடிப்பார். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, மலையின் ஏழாவது வளைவில், அப்படிப் பெருமையடித்து வாயை மூடுவதற்குள் அந்த முள் சிவப்புக்குத் துள்ளியது. அடுத்த நிமிஷம் எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து ஆவி பொங்கியது. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்று கீறியிருந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது எவ்வளவு நேரமாக என்பது யாருக்குத் தெரியும்? முள் மட்டும் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. மைத்துனன் வந்து சேரும் வரை, தூறலில், ஒரே குடைக்குள் நாலு மணி நேரம் நின்றார்கள்.

அந்த நாலு மணி நேரத்தில் மனைவி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மைத்துனன் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, விஷயத்தைச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

“மாமா, நிறைய வண்டியில இந்த முள்ளை இப்படித்தான் வைக்கிறாங்க. சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவுலயே நிக்கும். ஓட்டுறவங்க பயந்து பயந்து கடைக்கு வரக்கூடாதுல்ல? கைய மீறினப்புறம்தான் காட்டும்.”

“அப்ப இவ்வளவு நாளும் நமக்குப் பொய் சொல்லிட்டு இருந்துச்சா?” என்றார் மனைவி.

“பொய்னு இல்லக்கா... ஆறுதல் சொல்லுது.”

“ஆறுதல் சொல்ல நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. போதும். வண்டி கெட்டுப்போனா நிக்கலாம், பரவாயில்ல. பொய் சொல்ற வண்டியில நான் ஏற மாட்டேன்.”

சொன்னது சொன்னதுதான். மனைவி தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். தெருவே ‘தையலக்கா’ என்று கூப்பிடும். வெட்டும் முன் இரண்டு முறை அளப்பவர். வெட்டிய பின் ஒட்டுப்போடுவது பிடிக்காது. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் ஏறினார்.

பாய்லர்காரருக்குக் குழாய் கீறியதோ நாலு மணி நேரத் தூறலோ வலிக்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்ததுதான் வலித்தது. முப்பது வருஷமாக எங்கே போனாலும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருக்கும்: அந்தக் கடை மூடிட்டான் பாருங்க, அந்த வீட்டுக்குப் பச்சை அடிச்சிருக்காங்க பாருங்க, மெதுவா, மெதுவா. இப்போது டர்போவின் விசில் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்ப அந்த இருக்கையில் வந்து உட்கார வேண்டும். அதற்கு உண்மை பேசுகிற மீட்டர் வேண்டும். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

முதல் முயற்சியை அவர் இன்றும் யாரிடமும் சொல்வதில்லை, மைத்துனன்தான் சொல்வான். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய பிரஷர் மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. பித்தளை உடம்பு, சாப்பாட்டுத் தட்டு அகலம், பத்து பார் அழுத்தம் வரை காட்டும். பதினைந்து வருஷம் ஒரு நாள்கூட அவரை ஏமாற்றாத மீட்டர். பாசத்தில் அதைத் தூக்கிவந்து டாஷ்போர்டில் கட்டி, டர்போவின் காற்றுக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்துச் செருகிவிட்டார். உலகத்தில் ஒரு பாய்லர்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். “மாமா, இது காரா, ரயில் எஞ்சினா?”

“சிரிக்காம உட்காருடா. முள் எப்படி ஏறுதுன்னு பாரு.”

முள் ஏறவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தரைமட்டமாக அழுத்தியும் ஒரு எறும்பு நகர்கிற அளவுக்கு நகர்ந்தது.

“உங்க டர்போ ஊதுறதே முக்கால் பார், மாமா. பத்து பார் மீட்டர்ல அது எங்க தெரியும்? யானை நிறுக்குற தராசுல கொத்தமல்லி வச்ச கதை. இன்னொண்ணு, காலை எடுத்தா அந்தக் குழாய் காத்தை உள்ள இழுக்கும். பாவம், இந்த முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ போக வழியில்லாம கம்பியில முட்டிக்கிட்டுக் கிடக்கு பாருங்க.”

அவருக்குக் காது மடல் சிவந்தது. வேலை செய்கிற அழுத்தம் மீட்டரின் நடுப்பகுதியில் விழுகிற மாதிரி மீட்டர் வாங்க வேண்டும் என்று புது ஆட்களுக்கு அவரே நூறு தடவை பாடம் எடுத்திருக்கிறார். பித்தளை நண்பனை அவிழ்த்துத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜன்னலைப் பார்க்காமல் நடந்தார். மெஷின் ஓசை ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. பார்த்துவிட்டாள்.

மறுநாள் கார்ச் சாமான்கள் விற்கிற கடைக்குப் போனார்கள். ஒரு சுவர் முழுக்க மீட்டர்கள். நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தன. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள். பாய்லர்காரர் மூன்று பக்கத்துக்கு எழுதிவந்த பட்டியலை நீட்டினார். டர்போ அழுத்தம், ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, தண்ணீர்ச் சூடு, புகைச் சூடு, காற்று-பெட்ரோல் கலவை.

கடைக்காரம்மா படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கார்தானே சார்? விமானம் இல்லையே?”

“கார்தான்” என்றான் மைத்துனன். “ஓட்டுறவருக்குக் கொஞ்சம் கவலை ஜாஸ்தி.”

“சார், ஒண்ணு கேட்கிறேன். ஓட்டிட்டுப் போறீங்க. எந்த முள் சாஞ்சா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுப்பீங்க? அதை மட்டும் வாங்குங்க. மத்ததெல்லாம் அலங்காரம்.”

அவர் யோசித்தார். இந்த மாதிரிக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். தண்ணீர்ச் சூடு சாய்ந்தால் எடுப்பார். ஆயில் அழுத்தம் விழுந்தால் எடுப்பது மட்டுமல்ல, வண்டியையே நிறுத்துவார்; டர்போவின் அச்சு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது, அது போனால் டர்போ போச்சு.

“டர்போ அழுத்தம் ஏறினா?” என்றார் கடைக்காரம்மா.

“இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்” என்று உண்மையைச் சொன்னார்.

“அப்ப அது உங்களுக்கு மீட்டர் இல்ல சார். விளையாட்டுச் சாமான்.”

மைத்துனன் விடவில்லை. “டர்போ வண்டியில டர்போ மீட்டர் இல்லன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க மாமா?”

“அதைத்தான் காது சொல்லுதேடா. விசில் வந்தா ஊதுது. வராட்டி ஊதல.”

ஆக இரண்டு. ஆயிலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. அதிலும் ஒரு இழுபறி. ஆயிலே சின்னக் குழாய் வழியாக மீட்டர் வரை வருகிற பழைய வகைதான் அவர் மனசுக்குப் பிடித்தது. நடுவில் மின்சாரம், கம்பி என்று எந்தத் தரகரும் கிடையாது. கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, “இந்தக் குழாய் விட்டுப்போச்சுன்னா கொதிக்கிற ஆயில் எங்க கொட்டும்?” என்று கேட்டார்.

“முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க கால்ல.”

உடனே கீழே வைத்துவிட்டார். எஞ்சினில் ஒரு உணர்வி, அதாவது சென்சார், அங்கிருந்து வெறும் கம்பி, அந்த வகையே போதும்.

ஆனால் கம்பியை நம்புவது எப்படி? சட்டைப் பையிலிருந்து பாய்லர் அறைத் தெர்மாமீட்டரை எடுத்தார். “அம்மா, கெட்டில் இருக்கா?” கடைக்காரம்மா டீ போடுகிற கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு பேட்டரியில் மீட்டர்களை இணைத்து, மூன்று கம்பெனி உணர்விகளை ஒவ்வொன்றாக முக்கிப் பார்த்தார்கள். நீலமாக மின்னியது ஏழு டிகிரி குறைத்துச் சொன்னது. சிவப்பு, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வெள்ளை முகம், கறுப்பு முள், எந்த மினுக்கும் இல்லாத ஒன்று, தெர்மாமீட்டரோடு ஒட்டிக்கொண்டே ஏறி, ஒட்டிக்கொண்டே இறங்கியது. தவிர, மின்சாரம் கொடுத்த உடனே அதன் முள் பூஜ்யத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓடித் திரும்பியது. தினமும் காலையில் அவர் குழாயை மூடித் திறந்து பார்க்கிற அதே சோதனையைத் தானே செய்துகொள்கிறது! அவர் முகத்தைப் பார்த்த மைத்துனன், “முடிஞ்சுது, மாமா விழுந்துட்டாரு” என்றான். அதே ஜாதியில் ஆயிலுக்கும் ஒன்று.

“இருபது வருஷமா கடை வச்சிருக்கேன், என் கெட்டிலைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார்” என்றார் கடைக்காரம்மா. திட்டினாரா பாராட்டினாரா என்பது தெரியவில்லை. அவர் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், வீட்டு வாசலில், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியோரத் தூணில் இரட்டைக் கூடு ஒன்றை வைத்து மைத்துனன் மீட்டர்களைப் பொருத்தினான். எஞ்சினைச் சூடாக்கி, தண்ணீர் தொண்ணூறு டிகிரியில் நிற்கும்போது முள் வானத்தைப் பார்க்கிற மாதிரி மீட்டரைத் திருப்பச் சொன்னார். ஆயிலுக்கும் அப்படியே, ஓடுகிற வேகத்தில் நாலு பார்.

“எண்ணெல்லாம் கழுத்து சுளுக்கின மாதிரி நிக்குது மாமா.”

“எண் யாருக்கு வேணும்? முள் நிமிர்ந்து நிக்குதா, அதைப் பாரு.”

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பிவந்தார்கள். மைத்துனன் ஓட்டிக்கொண்டு வந்தான். பாய்லர்காரர் பக்கத்தில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முன் சக்கரத்தில் மண்ணும், கசங்கிய ஒரு மஞ்சள் பூவும் ஒட்டியிருந்தன.

மெஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி வெளியே வந்தார். “என்னடா ஆச்சு?”

“ரவுண்டானா மேல ஏத்திட்டாருக்கா. நல்ல நேரம், எதிர்ல யாரும் வரல.”

“ரோட்டைப் பார்க்காம எதைப் பார்த்தாரு?”

“முள்ளைத்தான். எத்தனை தடவை முள்ளைப் பார்த்தாருன்னு கேட்காத. எத்தனை தடவை ரோட்டைப் பார்த்தாருன்னு கேளு. அதுதான் எண்ணச் சுலபம். ரெண்டு.”

பாய்லர்காரர் இறங்கவே இல்லை. கதவு திறந்திருந்தது; கால் வெளியே தொங்கியது. “கழட்டிடுடா” என்றார். “எனக்குப் பழக்கம் அப்படி. முள் கண்ணுக்குத் தெரிஞ்சா பார்க்காம இருக்க முடியாது. அங்க பாய்லர் ஓடாது, நின்ன இடத்துல நிக்கும். இது ஓடுது.” சக்கரத்து மண்ணைப் பார்த்தபடி, “அவ பஸ்ஸுலயே வரட்டும். பத்திரம்” என்றார்.

மனைவி காரைச் சுற்றிவந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அதன் கதவைத் திறந்தார், ஓட்டுநர் பக்கக் கதவை. குனிந்து மீட்டர்களைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, விளிம்பு பிசகியிருக்கிறதா என்று துணியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“இந்த வலது பக்க மீட்டர் ஒரு நூல் கோணியிருக்கு.”

“சரியாத்தான்கா வச்சேன்.”

“கோணியிருக்குடா.”

அளந்தார்கள். கோணியிருந்தது.

“ரெண்டையும் கழட்டி என் பக்கத்துத் தூண்ல வை” என்றார் மனைவி.

“உன் பக்கமா? உனக்கு எதுக்கு?” என்றார் பாய்லர்காரர்.

“ஏங்க, நான் மெஷின் மிதிக்கும்போது ஊசியையா பார்க்கிறேன்? ஊசியைப் பார்த்துத் தைச்சா தையல் பாம்பு மாதிரி நெளியும். துணியோட ஓரத்தைப் பார்க்கணும். நீங்க ரோட்டோட ஓரத்தைப் பாருங்க. முள்ளை நான் பார்த்துக்கிறேன்.”

“அப்ப நீ... வண்டியில வர்றியா?”

“பின்ன, பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டா முள்ளைப் பார்ப்பேன்? ஆனா ஒண்ணு. ஏழரைக்கு முன்னாடி கிளம்பணும். இதுவும் பொய் சொல்லுச்சுன்னா இறங்கிடுவேன், பின்னாடி பஸ் வரும்ல.”

மைத்துனன் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். பாய்லர்காரர் எழுந்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து இருக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் துடைத்தார்.

சனிக்கிழமை ஏழு இருபத்தைந்துக்குப் புறப்பட்டார்கள். முதல் சிக்னலிலேயே, “சாயுது! இடது முள் சாயுது!” என்று மனைவி அவர் கையைப் பிடித்தார்.

“அது ஆயில். வண்டி நிக்கும்போது அழுத்தம் இறங்கும். பாதிக்குக் கீழ போகாத வரைக்கும் ஒண்ணும் இல்ல. நகர்ந்ததும் நிமிரும் பாரு.”

நிமிர்ந்தது. அதற்குப் பிறகு மனைவி முட்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பாய்லர்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“நேரா இருக்கு.”

ஒரு வளைவு தாண்டி, “இப்ப?”

“நேரா.”

“தண்ணி?”

“நீங்க ஒரு மீட்டர் வாங்கி என் வாயில மாட்டியிருக்கலாம். சாஞ்சா சொல்றேன், ஓட்டுங்க.”

ஆறாவது வளைவு கடந்தது. ஏழாவது நெருங்கும்போது இருவருக்கும் அந்தக் குடை ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏற்றம் செங்குத்தாயிற்று. விசில் உயர்ந்தது.

“வலது முள் ஒரு நூல் சாயுது” என்றார் மனைவி. பதற்றம் இல்லை, ஒரு அளவைச் சொல்கிற குரல்.

அவர் காலைத் தளர்த்தினார். ஒரு கியர் குறைத்தார். ஹீட்டரை முழுக்கத் திறந்து ஜன்னல்களை இறக்கினார். எஞ்சினின் சூடு அவர்கள் காலடி வழியாக வெளியே போகட்டும். சுடு காற்றும் குளிர் காற்றும் மாறி மாறி முகத்தில் அடித்தன.

“ஒன்றரை நூல்... நிக்குது. அங்கயே நிக்குது.” கொஞ்ச தூரம். “திரும்புது. ஒரு நூல். அரை. ம்... நேராயிடுச்சு.”

பிறகு மனைவி எட்டி, டாஷ்போர்டில் இருந்த பழைய முள்ளைப் பார்த்தார். “இவரைப் பாருங்க. இவ்வளவும் நடந்திருக்கு, ஒண்ணும் தெரியாத மாதிரி நடுவுல நிக்கிறாரு.”

அவர் சிரித்தார். சிரிப்பு வண்டியோடு சேர்ந்து குலுங்கியது. “ரோடு, ரோடு” என்றார் மனைவி.

உச்சியில் ஓரமாக நிறுத்தி, டர்போ ஆறுவதற்காக இரண்டு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டார். பஸ் ஏறிவந்தது. டிரைவர் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஹாரனை இரண்டு முறை அடித்துக்கொண்டு போனார். கடைசி வரிசைக் கண்ணாடியோரத்தில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“முந்திடவா?” என்றார் பாய்லர்காரர்.

“எதுக்கு? பின்னாடியே போங்க. பழகின இடம்தானே உங்களுக்கு.”

இறக்கம் முழுக்க மனைவி பேசிக்கொண்டே வந்தார். அந்த வீட்டுக்குப் பச்சை அடிச்சிருக்காங்க பாருங்க. அந்த மரத்தை வெட்டிட்டாங்க பாருங்க. மெதுவா, மெதுவா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கண் தூணுக்குப் போய்வந்தது.

மகள் வழக்கம்போல் பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். பஸ் நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. மகள் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். இறங்கி, கலவரத்தோடு கைப்பேசியை எடுத்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற காரில், மனைவியின் பைக்குள் மணி அடித்தது.

“அம்மா! எங்கம்மா இருக்க? பஸ்ல காணோம்!”

“திரும்பிப் பாருடி.”

திரும்பினாள். கைப்பேசியைக் காதில் வைத்தபடியே ஓடிவந்து முன் கதவைத் திறந்து, அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “சண்டை முடிஞ்சுதா? சொல்லவே இல்ல? சரி, நீ பின்னாடி போம்மா, வீட்டுக்கு நான் வழி காட்டுறேன், அப்பா எப்பவும் அந்தத் திருப்பத்தை விட்டுடுவாரு.”

“நீ பின்னாடி உட்காரு” என்றார் மனைவி, தூணிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இங்க வேலை இருக்கு.”